பழைய இரும்புக் கடையில் வாங்கிய 3 பேஸ் சாணை மிஷின் வீட்டு கரண்டில் ஓடுமா? 'உர்ர்' என்று உறுமினால் உஷார்!

கோவை:

கோவையில் பட்டறை மூடினாலும், கம்பெனி புது மிஷின் வாங்கினாலும் பழைய சாமான்களில் ஒரு பகுதி கடைசியில் வந்து சேரும் இடம் உக்கடம் பழைய இரும்புக் கடைகள். அங்கே மோட்டார், டிரில்லிங் மிஷின், வைஸ் ஆகியவற்றுக்கு நடுவே இரண்டு பக்கமும் கல் மாட்டிய சாணை மிஷினும் கிடக்கும். பட்டறைக்காரர்கள் பாஷையில் பெஞ்ச் கிரைண்டர். மாவு அரைக்கும் கிரைண்டர் இல்லை. டூல் பிட், டிரில் பிட், உளி, அரிவாள் தீட்டும் கிரைண்டர்.

இதில் ஒரு விஷயம். சிங்கிள் பேஸ் மிஷின் என்றால் வந்த வேகத்தில் போய்விடும். 3 பேஸ் மிஷின் என்றால் எடுக்க ஆள் குறைவு. அதனால் விலையும் குறைவு. இரும்பு கனமாக இருக்கும், பேரிங்கும் நன்றாக இருக்கும். வீட்டோடு சேர்த்து சின்ன வெல்டிங் பட்டறை, லேத் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இதைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும்.

வாங்கியாச்சு. ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கும் கொண்டு வந்தாச்சு. மிஷினில் இருந்து வரும் மூன்று ஒயரில் இரண்டை எடுத்து பிளக்கில் மாட்டி சுவிட்சைப் போட்டால்... 'உர்ர்' என்று ஒரு உறுமல். கல் சுத்தவே இல்லை. சிலர் கல்லைக் கையால் சுண்டி விட்டுப் பார்ப்பார்கள். இன்னும் சிலர் ஸ்பிண்டிலில் கயிறு சுற்றி இழுத்துப் பார்ப்பார்கள். அதற்குள் வார்னிஷ் கருகிய வாடை வந்துவிடும். மலிவாக வாங்கிய மிஷினுக்கு, வாங்கிய விலையைவிட ரீவைண்டிங் செலவு அதிகம் ஆகிவிடும்.

அப்படியானால் 3 பேஸ் சாணை மிஷின் வீட்டு கரண்டில் ஓடவே ஓடாதா? ஓடும். ஆனால் அதற்கு முறை இருக்கிறது. அவசரப்பட்டால் போவது மோட்டார் மட்டும் இல்லை, கண்ணும் போகலாம்.

ஏன் சுத்துவதில்லை?

குடை ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் மூன்று இடத்தில் மூன்று பேர் நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் தள்ளினால் ராட்டினம் சுகமாகச் சுத்தும். 3 பேஸ் மோட்டார் அப்படித்தான். உள்ளே மூன்று சுற்றுக் கம்பி. மூன்றுக்கும் கரண்டு ஒன்றன் பின் ஒன்றாக வரும். நம்ம ஊர் கரண்டு 50 சைக்கிள். அதாவது ஒரு நொடியில் இது 50 தடவை நடக்கும்.

சிங்கிள் பேஸ் என்பது ஒரே இடத்தில் நிற்கும் ஒரே ஆள். அவர் ஒரு தடவை தள்ளுவார், அடுத்த தடவை இழுப்பார். ராட்டினம் ஆடுமே தவிர சுத்தாது. இந்த ஆட்டம்தான் 'உர்ர்' சத்தம். சுத்தாமல் நிற்கும் மோட்டார், வழக்கமாக எடுக்கும் கரண்டைப் போல 5, 6 மடங்கு இழுக்கும். சில நிமிடம் கூட தாங்காது. காயில் கருகிவிடும்.

ஆக, குறைவது ஒன்றுதான். நேரம் தள்ளி வந்து தள்ளும் இன்னொரு ஆள். அந்த ஆளைக் கொண்டு வருவதற்கு மூன்று வழி இருக்கிறது.

முதலில் பிளேட்டைப் பாருங்கள்

எந்த வழி என்றாலும், முதல் வேலை மோட்டாரில் ஆணி அடித்திருக்கும் பெயர்ப் பலகையைப் படிப்பது. குதிரை சக்தி எவ்வளவு, வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு, இணைப்பு ஸ்டாரா டெல்டாவா என்று அதில் இருக்கும்.

நம்ம ஊரில் 3 எச்.பி. வரை உள்ள சின்ன மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட், ஸ்டார் இணைப்பு. மூன்று சுற்றின் ஒரு முனையையும் ஒன்றாக முடிச்சுப் போட்டிருப்பார்கள். இப்படி இருக்கும்போது ஒவ்வொரு சுற்றும் வாங்குவது 240 வோல்ட்தான். வீட்டு கரண்டும் கிட்டத்தட்ட அதே அளவு. அதனால் முடிச்சைப் பிரித்து மூன்று சுற்றையும் முக்கோணமாக, அதாவது டெல்டாவாக மாற்றினால், மோட்டார் வீட்டு கரண்டுக்குத் தயார் ஆகிவிடும்.

மாற்றாமல் ஸ்டாரிலேயே ஓட்டினால்? சுத்தினாலும் சுத்தும். ஆனால் பலம் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். இரும்பைக் கல்லில் வைத்ததும் நின்றுவிடும்.

டெர்மினல் பெட்டியில் ஆறு முனை இருந்தால் வேலை சுலபம். பழைய மோட்டாரில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்றும், புது மோட்டாரில் யு1, யு2, வி1, வி2, டபிள்யு1, டபிள்யு2 என்றும் எழுதியிருக்கும். யு1 உடன் டபிள்யு2, வி1 உடன் யு2, டபிள்யு1 உடன் வி2 சேர்த்தால் டெல்டா. மூன்று ஒயர் மட்டும் வெளியே வந்தால், முடிச்சு காயிலுக்குள்ளே இருக்கிறது என்று அர்த்தம். கவரைக் கழற்றி, கட்டு நூலை வெட்டி, முடிச்சைப் பிரித்து, மூன்று புது ஒயர் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு, வார்னிஷ் பூச வேண்டும். இது ரீவைண்டிங் கடைக்காரர் செய்கிற வேலை. பழக்கம் இல்லாத கை பட்டால் எனாமல் உரிந்து பாடியில் கரண்டு வந்துவிடும்.

பிளேட்டில் '415 டெல்டா' என்றே இருந்தால், டெர்மினல் மாற்றி 230க்குக் கொண்டு வர முடியாது. அதை வாங்காமல் விடுவதே புத்திசாலித்தனம்.

வழி 1: கண்டன்சர்

செலவு குறைந்த வழி இது. சில நூறு ரூபாயில் முடியும். பட்டறையில் கண்டன்சர் என்று சொல்லும் கெப்பாசிட்டர்தான் அந்த நேரம் தள்ளி வந்து தள்ளுகிற ஆள்.

டெல்டாவில் மூன்று மூலை. ஒரு மூலையில் பேஸ், இன்னொரு மூலையில் நியூட்ரல். மூன்றாவது மூலை காலி. அந்த மூன்றாவது மூலைக்கும் பேஸ் மூலைக்கும் நடுவே கண்டன்சர். அவ்வளவுதான் இணைப்பு.

கணக்கு இது. 1 கிலோவாட் மோட்டாருக்கு சுமார் 70 மைக்ரோபாரட். அரை எச்.பி. என்றால் 0.37 கிலோவாட், 25 மைக்ரோபாரட் போதும். 1 எச்.பி. என்றால் 50. இந்த அளவுகள் வீட்டு போர் மோட்டாருக்குப் போடும் கண்டன்சரிலேயே கிடைக்கும். மேலே 440 வோல்ட் ஏ.சி. என்று எழுதியிருக்க வேண்டும். 'ரன்' கண்டன்சர் என்று கேட்டு வாங்க வேண்டும். கறுப்பு டப்பாவில் வரும் 'ஸ்டார்ட்' கண்டன்சரை நிரந்தரமாக இணைத்தால் சூடாகி வெடிக்கும்.

சாணை மிஷினுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. இது பாதி நேரம் சும்மா சுத்திக்கொண்டுதான் இருக்கும். லோடு இல்லாமல் சுத்தும்போது பெரிய கண்டன்சர் ஒரு சுற்றைச் சூடாக்கிவிடும். அதனால் கணக்குக்குக் கொஞ்சம் குறைவான அளவில் ஆரம்பித்து, டாங் டெஸ்டர் வைத்து மூன்று ஒயரிலும் கரண்டு பார்க்க வேண்டும். டெல்டாவில் மாற்றிய பிறகு, பிளேட்டில் இருக்கும் ஸ்டார் ஆம்பியரைப் போல 1.7 மடங்குதான் உச்ச வரம்பு. பிளேட்டில் 1.1 என்றால் 1.9க்கு மேல் எந்த ஒயரிலும் போகக்கூடாது.

கல் கனமாக இருந்து கிளம்பத் திணறினால், ரன் கண்டன்சரைப் போல இரண்டு மடங்கு உள்ள ஸ்டார்ட் கண்டன்சர் ஒன்றை புஷ் பட்டன் வழியாகப் போடலாம். இரண்டு, மூன்று நொடி அழுத்தி, கல் வேகம் எடுத்ததும் விட்டுவிட வேண்டும்.

இந்த வழியில் மோட்டாரின் முழு பலம் கிடைக்காது. பத்தில் ஆறு, ஏழு பங்கு கிடைக்கும். டிரில் பிட், டூல் பிட் தீட்ட அது தாராளம். வார்ப்பு இரும்பை நாள் முழுக்கத் தேய்க்கிற வேலைக்கு ஆகாது.

கிராமத்தில் விவசாயிகளுக்கு கண்டன்சர் வித்தை புதிது இல்லை. இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கண்டன்சர் போட்டு பம்ப் செட் ஓட்டியவர்கள் உண்டு. ஆனால் அங்கே இரண்டு பேஸுக்கு நடுவே 415 வோல்ட் இருக்கிறது. வீட்டில் இருப்பது 230. தோட்டத்து இணைப்பை அப்படியே பார்த்து இங்கே போட்டால் வேலைக்கு ஆகாது. டெல்டா மாற்றம் கட்டாயம்.

வழி 2: டிரைவ்

வி.எப்.டி. என்ற டிரைவ் பெட்டி சிங்கிள் பேஸ் கரண்டை உள்ளே வாங்கி, 3 பேஸாக வெளியே தரும். 230 வோல்ட் உள்ளே போனால் 230 வோல்ட் 3 பேஸ் வெளியே வரும். எனவே இதற்கும் டெல்டா மாற்றம் வேண்டும். செலவு சில ஆயிரம். ஆனால் முழு பலம் கிடைக்கும். மோட்டார் உறுமாது, சூடாகாது, மெதுவாகக் கிளம்பும்.

டிரைவ் போடுபவர்கள் மறக்கக்கூடாதது மூன்று.

ஒன்று, அதிகபட்ச சைக்கிளை 50க்கு மேல் வைக்கவே கூடாது. நிமிடத்துக்கு 2,880 சுற்று சுத்தும் மோட்டாரில் 8 அங்குலக் கல் மாட்டினால், கல்லின் விளிம்பு நொடிக்கு சுமார் 30 மீட்டர் வேகத்தில் போகும். சாதாரண சாணைக் கல்லுக்கு நொடிக்கு 33 முதல் 35 மீட்டர் வரைதான் அனுமதி. டிரைவில் 60 சைக்கிள் வைத்தால் 36 மீட்டரைத் தாண்டிவிடும். கல் சிதறும்.

இரண்டு, சட்டென்று பிரேக் பிடித்து நிற்கும்படி செட்டிங் வைக்கக்கூடாது. திடீரென நின்றால் கல்லைப் பிடித்திருக்கும் நட்டு தானாகக் கழன்று வர வாய்ப்பு உண்டு. தானே சுத்தி ஓய்ந்து நிற்கட்டும்.

மூன்று, டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் வைத்து ஆன், ஆப் செய்யக்கூடாது. டிரைவ் போய்விடும். டிரைவில் உள்ள ஸ்டார்ட், ஸ்டாப் பட்டனைத்தான் பயன்படுத்த வேண்டும். பெட்டியையும் சாணை பக்கத்திலேயே மாட்டக்கூடாது. பறக்கும் இரும்புத் தூள் உள்ளே போனால் ஷார்ட் ஆகிவிடும்.

வழி 3: காயிலையே மாற்றுவது

காயில் ஏற்கெனவே கருகியிருந்தால், அதே பாடியில் சிங்கிள் பேஸ் காயில் சுற்றிவிடலாம். பலம் கொஞ்சம் குறையும். நன்றாக இருக்கும் காயிலை வெட்டி எறிந்துவிட்டு இதைச் செய்வது வீண் செலவு.

சுற்றும் திசை முக்கியம்!

பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். எந்த வழியில் மாற்றினாலும் மோட்டார் எந்தப் பக்கமும் சுத்தலாம். சாணை மிஷின் முன்னால் நின்று பார்த்தால், கல்லின் முன்பக்கம் மேலிருந்து கீழே வர வேண்டும். தீப்பொறி கீழே விழ வேண்டும்.

தலைகீழாகச் சுத்தினால் தீப்பொறி முகத்துக்கு வரும். பிடித்திருக்கும் இரும்பும் மேலே தூக்கி எறியப்படும். அதைவிட ஆபத்து நட்டில் இருக்கிறது. வலது பக்கக் கல்லுக்கு சாதாரண மரை. இடது பக்கக் கல்லுக்கு எதிர் மரை. சரியான திசையில் சுத்தும்போது இரண்டு நட்டும் தானாக இறுகும்படி அமைத்தது அது. திசை மாறினால் இரண்டும் கழன்று வரும். நிமிடத்துக்கு 2,880 சுற்று சுத்தும் கல் நட்டு இல்லாமல் கிளம்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் முதல் தடவை ஓட்டும்போது இரண்டு கல்லையும் கழற்றிவிட்டு, வெறும் ஸ்பிண்டிலை ஓட்டித் திசை பார்க்க வேண்டும். தப்பாக இருந்தால், கண்டன்சரின் பேஸ் பக்க முனையை எடுத்து நியூட்ரல் பக்கம் மாட்டினால் திசை மாறிவிடும். டிரைவ் என்றால், வெளியே வரும் மூன்று ஒயரில் இரண்டை இடம் மாற்றினால் போதும்.

கரண்டு போய் வந்தால்?

பட்டறையில் வேலை நடக்கும்போது கரண்டு போகிறது. சுவிட்சை ஆப் செய்யாமல் டீ குடிக்கப் போய்விடுகிறோம். கரண்டு திரும்பி வந்ததும் மிஷின் தானாகக் கிளம்பும். ஸ்டார்ட் பட்டன் அழுத்த ஆள் இல்லாவிட்டால் கல் சுத்தாமல் உறுமிக்கொண்டே கிடந்து காயில் கருகும்.

இதற்கு மருந்து, கரண்டு போனால் தானே விழுந்துவிடும் ஸ்டார்ட்டர். பழைய 3 பேஸ் மிஷினோடு ஸ்டார்ட்டர் வந்திருந்தால், அதற்குள் இருக்கும் காயில் பெரும்பாலும் 415 வோல்ட் காயிலாக இருக்கும். வீட்டு கரண்டில் அது பிடிக்காது, கடகடவென்று அடித்துக்கொள்ளும். 230 வோல்ட் காயில் வாங்கி மாற்ற வேண்டும். டிரைவ் போடுபவர்களுக்கு ஸ்டார்ட்டர் தேவையில்லை. கரண்டு வந்ததும் தானாகக் கிளம்பாதபடி டிரைவிலேயே செட்டிங் வைத்துக்கொள்ளலாம்.

சுவிட்ச் ஆப் செய்த பிறகும் கண்டன்சருக்குள் கரண்டு தங்கியிருக்கும். தொட்டால் தூக்கி அடிக்கும். பெட்டியைத் திறந்ததும் ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரண்டு ஒயரை அதன் முனைகளில் வைத்து கரண்டை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எர்த் ஒயர் பாடியில் கட்டாயம் இருக்க வேண்டும். மாற்றி முடித்ததும் மெகர் வைத்து பாடிக்குக் கசிவு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

இ.பி. விஷயம்

தமிழகத்தில் 2022 செப்டம்பரில் மின் கட்டணம் உயர்ந்தது. ஆர்டர் இல்லாத மாதத்திலும் நிலைக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது என்று குறுந்தொழில் அமைப்புகள் போராட்டம் நடத்தின. ஜாப் ஆர்டர் எடுக்கும் சின்னப் பட்டறைக்காரர்கள் 3 பேஸ் இணைப்பு வாங்கத் தயங்குவதற்கு இதுவும் காரணம்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது. மிஷினை சிங்கிள் பேஸுக்கு மாற்றிவிட்டால் வீட்டு இணைப்பில் தொழில் செய்யலாம் என்று அர்த்தம் இல்லை. சொந்த வீட்டு அரிவாளைத் தீட்டிக்கொள்வது வேறு; காசு வாங்கி வேலை செய்வது வேறு. வீட்டு இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-வது பிரிவில் வரும். பிடிபட்டால், உரிய பிரிவுக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போட்டு வசூலிக்கலாம். மலிவு மிஷினில் மிச்சம் பிடித்த காசு ஒரே பில்லில் போய்விடும். இ.பி. பிரிவு அலுவலகத்தில் கேட்டு, தொழிலுக்கு உரிய இணைப்பு வாங்கிக்கொள்வதே நிம்மதி.

கல்லைத் தட்டிப் பாருங்கள்

பழைய மிஷினோடு வந்த கல்லை அப்படியே நம்பி ஓட்டக்கூடாது. பழைய இரும்புக் குவியலில் எத்தனை தடவை கீழே விழுந்ததோ தெரியாது. கல்லைக் கழற்றி, ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் மரக் கைப்பிடியால் லேசாகத் தட்ட வேண்டும். 'டங்' என்று மணி மாதிரி சத்தம் வந்தால் நல்ல கல். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே விரிசல். தூக்கிப் போட்டுவிட வேண்டும். உடைத்துப் போடுவது இன்னும் நல்லது. இல்லாவிட்டால் வேறு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.

கல்லில் எழுதியிருக்கும் ஆர்.பி.எம். மோட்டாரின் ஆர்.பி.எம்.மைவிடக் குறைவாக இருக்கக்கூடாது. கல்லுக்கு இரண்டு பக்கமும் அட்டை வாஷர் வேண்டும். இரும்பை வைக்கும் தாங்கிக்கும் கல்லுக்கும் நடுவே 3 மில்லி மீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் சாமான் உள்ளே இழுத்துக்கொள்ளும். கூடவே விரலும் போகும். மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டவே கூடாது. கண்ணாடி போடாமல் கிட்டே போகக்கூடாது. அலுமினியம், பித்தளை தேய்த்தால் கல் அடைத்துக்கொண்டு சூடாகி வெடிக்கும்.

மாற்றிய மிஷினை முதல் தடவை கல்லோடு ஓட்டும்போது நேர் எதிரே நிற்காமல், பக்கவாட்டில் ஒதுங்கி நின்று சுவிட்சைப் போட்டு ஒரு நிமிடம் சுத்தவிட்டுப் பார்க்க வேண்டும். கல் உடைவதாக இருந்தால் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்துக்குள் உடைந்துவிடும். அதுவரை குழந்தைகளைப் பட்டறைப் பக்கம் விடாதீர்கள்.